ஒட்டுப் போர்வையும் ஒரு டிப்ளமாக்காரனும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் நம் வகுப்புத் தோழர்கள் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் ரோபோ, ஒருவன் மின்சாரக் கார், இன்னொருவன் காதல் கவிதை (யாரென்று சொல்ல மாட்டேன், எழுத்துப் பிழையே காட்டிக் கொடுத்துவிடும்!). நான் மட்டும், "போர்வை தைத்த கதையை எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

மலர்க் குழுவில் இருந்த செகண்ட் இயர் தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தான். "போர்வையாண்ணா? நீங்க மெக்கானிக்கல்தானே?"

மெக்கானிக்கல்தான். அதனால்தான் எழுதுகிறேன். என்ன, சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். "டைலர்" என்ற பட்டப்பெயரோடு ஒரு வருஷம் நடமாடியவன் நான். இனிமேல் புதிதாகக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது, 2008-இல், தாம்பரம் பக்கத்தில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் அம்மா வேலைக்குச் சேர்ந்தார்கள். விடியற்காலையில் செங்கல்பட்டு ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்தால், வீடு திரும்ப இரவு எட்டு மணி. என்ன வேலை? சட்டைக்குக் கை வைப்பது. காலர் ஒருத்தர், பாக்கெட் ஒருத்தர், கஃப் ஒருத்தர், பட்டன் ஒருத்தர். அம்மாவுக்குக் கை. மணிக்கு ஐம்பது சட்டை டார்கெட்.

இதைத்தான் நம் மேனேஜ்மென்ட் பாடத்தில் 'வேலைப் பகுப்பு' என்று படிக்கிறோம். ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதிய புத்தகத்தில் குண்டூசித் தொழிற்சாலையைச் சொல்கிறார். ஒரு குண்டூசி செய்வதைப் பதினெட்டு வேலையாகப் பிரித்துக்கொண்டால் பத்துப் பேர் சேர்ந்து நாளைக்கு 48,000 ஊசி செய்யலாமாம். தனியாளாகச் செய்தால் இருபது ஊசி தேறுவதே கஷ்டமாம். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தர் வீட்டுக்கு வந்தபிறகு என்ன ஆனார் என்று எந்த வினாத்தாளிலும் கேட்டதில்லை.

ஒரு நாள் சும்மா கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். மணிக்கு 50, எட்டு மணி நேரத்துக்கு 400. வருஷத்துக்கு 300 நாள். பதினாறு வருஷம். லீவு, ஓவர்டைம் எல்லாம் முன்னே பின்னே இருக்கும், இருந்தாலும் சுமார் 19 லட்சம் சட்டை! அத்தனை சட்டைக்கும் கை வைத்த அம்மா, ஒரு சட்டையைக்கூட முழுசாகத் தைத்ததில்லை.

2024-இல் கம்பெனியை மூடிவிட்டார்கள். கையில் வந்த பணத்தில் அம்மா ஒரு பழைய கால் மெஷின் வாங்கிப் போட்டார்கள். அடுத்த வாரம் நம்ம ஊர்க் கடைத்தெருவில் ஒரு தையற்கடைக்கு வேலை கேட்டுப் போனார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"ஜாக்கெட் கட்டிங் வருமாம்மா?"

"வராதுங்க."

"சுடிதார்?"

"இல்லீங்க. சட்டைக்குக் கை வெப்பேன்."

"கை மட்டுமா?"

அவர் நல்ல மனுஷர்தான். கிண்டல் பண்ணவில்லை. "கத்துக்கிட்டு வாங்கம்மா, பாக்கலாம்" என்றார். திரும்பி வரும் வழியில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மெஷின் மேல் ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடினார்கள். மூன்று மாதம் அது அப்படியே கிடந்தது.

* * *

இனி போர்வைக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி மாமல்லபுரம் போய்விடுவேன். அங்கே மாமாவுக்குச் சிற்பப் பட்டறையில் வேலை. நானும் கூடமாட நின்று பாலிஷ் போட்டுக் கொடுத்தால் கைச்செலவுக்குக் கிடைக்கும். ஒரு நாள் மத்தியானம் ஒத்தவாடைத் தெருவில் சுற்றிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரர்கள் படித்துவிட்டு விற்றுவிட்டுப் போகும் பழைய புத்தகங்களுக்கு நடுவில், கலர் கலராகக் கட்டம் போட்ட அட்டையோடு ஒரு பெரிய புத்தகம். ஏதோ டிசைன் டிராயிங் என்று நினைத்துப் புரட்டினால், போர்வை! அறுபது ரூபாய். கடைசியில் சில பக்கம் கிழிந்திருந்தது.

ஆங்கிலத்தில் 'குயில்ட்' என்கிறார்கள். (எங்கள் ஆயா, "இன்னாடா, குயிலா?" என்று கேட்டார்கள்!) மேலே ஒட்டுத் துணி, நடுவே பஞ்சு அல்லது கனத்த துணி, அடியில் ஒரு துணி. இந்த மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டால் குயில்ட். அதில் ஒரு வகைக்கு 'சாம்ப்ளர்' என்று பெயர். மற்றப் போர்வைகளில் ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வரும். சாம்ப்ளரில் ஒரு கட்டம் போல் இன்னொரு கட்டம் இருக்காது. ஒன்றில் சதுரம், ஒன்றில் முக்கோணம், ஒன்றில் வளைவு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புது வேலை. போர்வை முடியும்போது தைப்பவருக்கு எல்லா வேலையும் ஒரு தடவையாவது கைக்கு வந்திருக்கும்.

இதை நாம் எங்கோ பார்த்திருக்கிறோம், இல்லையா? ஃபர்ஸ்ட் இயர் வொர்க்‌ஷாப்! ஃபிட்டிங்கில் 'வி' ஜாயின்ட், கார்பென்டரியில் டவ்டெயில், வெல்டிங்கில் பட் ஜாயின்ட். எதுவும் ஒரு சாமானுக்கும் உதவாது. ஆனால் கை பழகும்.

அன்று சாயங்காலம் புத்தகத்தோடு ஐந்து ரதத்துப் பக்கம் நடந்தேன். கூட வந்த மாமாவிடம் படங்களைக் காட்டினேன். பார்த்துவிட்டு அவர், "இது மாதிரி ஒண்ணு இங்கயே இருக்குடா" என்றார்.

உண்மைதான். ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிய அந்த ஐந்தும் ஐந்து மாதிரி. திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிசை போல. அர்ஜுனன் ரதம் இரண்டு நிலை. பீமன் ரதத்துக்கு நீண்ட கூண்டுவண்டிக் கூரை. தருமராஜ ரதம்தான் எல்லாவற்றிலும் உயரம். நகுல சகாதேவ ரதத்தின் பின்புறம் யானையின் முதுகு போல வளைந்திருக்கும். பக்கத்திலேயே ஒரு கல் யானையும் நிற்கிறது, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்! பாண்டவர் பெயரெல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. கோயில் கட்டும் வகைகளைக் கல்லில் செய்து பார்த்த மாதிரிகளாக இருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. வேலை முழுசாக முடியவும் இல்லை. பீமன் ரதத்தின் அடிப்பக்கம் இன்றைக்கும் கரடுமுரடாகத்தான் இருக்கிறது.

"முடிக்காத வேலையைப் பாக்கத்தான் டிக்கெட் வாங்கிட்டு இவ்ளோ ஜனம் வருது" என்றார் மாமா. எனக்கு ஒரு தைரியம் வந்தது. பன்னிரண்டு கட்டம், முடிந்த வரைக்கும் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். அம்மாவின் மெஷினை மூடியிருந்த வேட்டியை எடுக்க ஒரு சாக்கு வேண்டும் என்பதும் மனதில் இருந்தது. அதை மாமாவிடம் சொல்லவில்லை.

* * *

துணி வாங்கப் போன கதை தனிக் கதை.

புத்தகத்தில் போட்டிருந்த துணியெல்லாம் அமெரிக்கத் துணி. பூப்போட்ட துணியைவிட, ஒரே நிறத்தில் இருக்கும் சாதாத் துணியை வைத்துத் தைப்பதுதான் 'மாடர்ன்' பாணியாம். வெள்ளையோ சாம்பலோ நிறைய இடம் விட்டு, நடுவே நல்ல அடர்ந்த நிறங்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். அங்கே கறுப்பினப் பெண்கள் வேலைக்குப் போட்டுக் கிழிந்த உடுப்புகளை வைத்தே தலைமுறை தலைமுறையாக இப்படிப் போர்வை தைத்திருக்கிறார்கள். 2002-இல் அந்தப் போர்வைகளை ஹூஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் சுவரில் மாட்டிக் கண்காட்சி வைத்தார்கள். ஆக, பணக்காரத் துணிதான் வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

ஒரு சனிக்கிழமை பீச் ஸ்டேஷனில் இறங்கி, பாரிமுனையில் கோடவுன் தெருவுக்குப் போனேன். சென்னையில் துணி மொத்த வியாபாரத்துக்குப் பெயர்போன தெரு. மூட்டையும் தள்ளுவண்டியுமாக நடக்க இடமில்லை. ஒரு கடையில் ஏறி, "பாப்ளின்ல ஒன்பது கலர், ஒவ்வொண்ணுலயும் கால் மீட்டர்" என்றேன்.

கடைக்காரர் காதில் வைத்திருந்த போனை எடுத்தே விட்டார். "எவ்ளோ?"

"கால் மீட்டர்ண்ணா."

"தம்பி, இங்க தான் கணக்கு. தான்னா இன்னான்னு தெரியுமா? முழு ரோல்! கர்ச்சீப் தைக்கப் போறியா?"

அடுத்த கடையிலும் அதே மரியாதை. தெருமுனையில் கட் பீஸ் விற்றவரிடம் கொஞ்சம் சீட்டிப் பூத்துணி மட்டும் வாங்கிக்கொண்டு தொங்கிய முகத்தோடு ரயில் ஏறினேன். போக வர நாலு மணி நேரம் தண்டம்.

விஷயத்தைக் கேட்ட அம்மா முதல் தடவையாகச் சிரித்தார்கள். "அட மண்டு! சாதா கலருக்கு அவ்ளோ தூரம் போவியா? ஜாக்கெட் பிட்டு கடையில போய்க் கேளு."

அட, ஆமாம்! நம் ஊர் மேட்சிங் சென்டர்களை நினைத்துப் பாருங்கள். புடவைக்குப் பொருத்தமாக ஜாக்கெட் துணி எடுக்கும் அந்தக் கடைகளில் தரையிலிருந்து கூரை வரைக்கும் டூ பை டூ ரூபியா அடுக்கி வைத்திருப்பார்கள். பச்சை என்றால் ஒரு பச்சையா? கிளிப் பச்சை, பாசிப் பச்சை, மாங்காய்ப் பச்சை, ராமர் பச்சை! அமெரிக்காக்காரன் கேட்லாக் போட்டு விற்கும் நிறங்களெல்லாம் செங்கல்பட்டுக் கடைத்தெருவில் சுவர் முழுக்க நிற்கின்றன. நம் கண்ணுக்கு அது ஜாக்கெட் துணி, அவ்வளவுதான். கடைக்கார அக்கா கால் மீட்டருக்கு முகம் சுளிக்கவும் இல்லை. "என்ன, பொம்மைக்குச் சட்டையா?" என்று மட்டும் கேட்டார்கள்.

கணக்குப் பாருங்கள். கால் மீட்டர் என்றால் ஒன்பதே முக்கால் அங்குலம். அகலம் 36 அங்குலம். நாலரை அங்குலச் சதுரம் வெட்டினால் ஓரக் கரை போக ஏழு, இரண்டு வரிசை. மொத்தம் பதினான்கு சதுரம். ஒன்பது நிறம் தாராளமாகப் போதும். பின்னணிக்கு வெள்ளைப் பாப்ளின் மூன்று மீட்டர், அடித்துணிக்குக் காடா மூன்றரை மீட்டர். இலவம் பஞ்சு வைத்தால் ஒரு மூலைக்கு ஓடிவிடும். அதனால் நடுவே ஆயாவின் இரண்டு பழைய நூல் புடவைகள். நூல், ஊசி, பழைய புத்தகம் எல்லாம் சேர்த்து, ரயில் டிக்கெட் நீங்கலாக, 800 ரூபாய். மாமா பட்டறையில் பாலிஷ் போட்ட காசு.

வாங்கும்போது இரண்டு பரீட்சை உண்டு, நண்பர்களே. ஒன்று, ஓரத்து நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் பொடியாகும். பாலியஸ்டர் என்றால் உருகிக் கெட்டி உருண்டையாகும். கலப்புத் துணியை ஒட்டுப் போர்வைக்கு எடுத்தால் இஸ்திரியில் மடிப்பு நிற்காது. இரண்டாவது, வெட்டுவதற்கு முன்பே துணியை நனைத்துக் காயவைக்க வேண்டும். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும், சாயம் போவதும் தெரிந்துவிடும்.

முதல் பரீட்சையில் நான் பாஸ். இரண்டாவதில், அவசரத்தில் அரக்குச் சிவப்பை மட்டும் நனைக்காமல் விட்டேன். தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டதும் பக்கத்து வெள்ளைக் கட்டம் ரோஜாப்பூ ஆகிவிட்டது! அப்புறம்தான் தெரிந்தது, சாயம் போவதிலேயே பெயர் வாங்கியது நம்ம மெட்ராஸ் கட்டம் என்று. 1950-களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டத் துணி, துவைத்ததும் சாயம் கக்கி, வாங்கியவர்களெல்லாம் சண்டைக்கு வந்தார்களாம். விற்றவர்கள் அசரவில்லை. 'இது சாயம் போகும், அதுதான் அழகு' என்று விளம்பரம் போட்டே விற்றுத் தீர்த்தார்களாம். நானும் அந்த ரோஜாக் கட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டேன்.

நான் வாங்கி வந்த கட் பீஸ் பூத்துணியை ஆயா தடவிப் பார்த்து, "சீட்டி நல்லா இருக்குடா" என்றார்கள். நூலகத்தில் தற்செயலாக இதைச் சொன்னபோது சார் ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். ஆங்கிலத்தில் 'சின்ட்ஸ்' என்பதும் நம் ஆயாக்கள் சொல்லும் சீட்டியும் ஒரே துணிதான். சோழமண்டலக் கடற்கரையிலிருந்து கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போனது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி இருக்கும் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் வந்து உட்கார்ந்ததே துணி வியாபாரத்துக்குத்தான். அவர்கள் கோட்டையும், உள்ளே செதுக்கு வேலைப்பாடுள்ள கல்லறைகளும் இன்றைக்கும் இருக்கின்றன. இந்தியத் துணி வந்து தங்கள் நெசவாளர் பிழைப்பு போகிறது என்று பிரான்ஸ் 1686-இல் தடை போட்டது. இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் போட்டது. ஆனாலும் ஆசை விடுமா? அங்கே உள்ள பெண்கள் சீட்டித் துண்டுகளில் இருந்த பூவையும் பறவையையும் கத்தரித்து, வெள்ளைத் துணியில் ஒட்டித் தைத்துப் போர்வை செய்தார்கள். நான் எங்கோ வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைத்த போர்வையில் நம் கடற்கரைத் துணியும் இருந்திருக்கிறது!

* * *

இப்போது மெக்கானிக்கல் பாடம்.

ஒவ்வொரு கட்டமும் தைத்து முடித்ததும் 12 அங்குலம் வர வேண்டும். தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? முதல் கட்டம், ஒன்பது சதுரம் கொண்டது, கால் அங்குலம் குறைந்தது. அடுத்தது 'மரக்கட்டை வீடு'. நடுவே ஒரு சதுரம், சுற்றிலும் பட்டை பட்டையாக நாலு சுற்று. அது முழுசாக ஓர் அங்குலம் குறைந்து 11 அங்குலத்தில் நின்றது. ஒரே ஆள், ஒரே மெஷின், இரண்டு அளவு!

உட்கார்ந்து யோசித்தேன். என் தையல் கால் அங்குலத்துக்குப் பதில் ஐந்தின் கீழ் பதினாறாகப் போயிருக்கிறது. அதிகம் வெறும் ஒன்றின் கீழ் பதினாறு அங்குலம், சுமார் 1.6 மில்லிமீட்டர். ஒரு தையலில் இரண்டு பக்கமும் அந்த அளவு போகும், ஆக எட்டில் ஒன்று. முதல் கட்டத்தின் குறுக்கே இரண்டு தையல், கால் அங்குலம் போச்சு. மரக்கட்டை வீட்டின் குறுக்கே எட்டுத் தையல், ஓர் அங்குலம் போச்சு! சார் போர்டில் டாலரன்ஸ் ஒன்றோடொன்று கூடும் என்று எழுதும்போது கடைசி பெஞ்சில் தூங்கியதற்குத் தண்டனை.

இரண்டு கட்டத்தையும் பிரித்துப் போட்டு, கோபத்தோடு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா, அங்கிருந்தபடியே, "துணி ஓடுதுடா உனக்கு. கைடு வெச்சுக்கோ" என்றார்கள்.

"என்ன கைடு?"

"கம்பெனியில மெஷின் மேல ஒரு பட்டி வெச்சிருப்பாங்க. துணி ஓரம் அதை ஒட்டியே போகும்."

பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்றை வெட்டி, ஊசியிலிருந்து ஸ்டீல் ரூலில் அளந்து, கால் அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவாக ஒட்டினேன். துணி மடிகிற இடத்தில் கொஞ்சம் பிடிக்குமே, அதற்காக அந்த மயிரிழை. அடுத்த கட்டம் 12 அங்குலம், ஒரு நூல் பிசகில்லை. அரிசி களைந்துகொண்டே அம்மா கண்ணாலேயே அளந்த பிசகு 1.6 மில்லிமீட்டர்!

அதற்குப் பிறகு வேலை ஓடியது. நாலு முக்கோணம் சுற்றும் கட்டத்துக்குக் 'காத்தாடி' என்று நானே பெயர் வைத்தேன். தயிர் மத்து போல ஒன்று, பறக்கும் வாத்து ஒன்று, கரடிப் பாதம் ஒன்று, நட்சத்திரம் ஒன்று. முக்கோணம் வெட்டும்போது தையலுக்கு ஏழின் கீழ் எட்டு அங்குலம் கூட்ட வேண்டும். மினி டிராஃப்டரை இதற்கெல்லாம் பயன்படுத்தினேன் என்று டிராயிங் சாரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

பத்துக் கட்டம் முடிந்தது. பதினொன்றாவதில் மாட்டிக்கொண்டேன்.

அதன் பெயர் 'குடிகாரன் பாதை'. (நான் வைத்த பெயர் இல்லை, அமெரிக்காவில் அப்படித்தான் சொல்கிறார்கள்.) பதினாறு சிறு சதுரம். ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் கால் வட்டம். அவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்தால் தள்ளாடித் தள்ளாடி ஒரு பாதை வரும். தைப்பவனும் தள்ளாட வேண்டியதுதான். ஒரு துண்டு உள்பக்கம் வளைகிறது, மற்றது வெளிப்பக்கம் வளைகிறது. ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் இரண்டும் எதிரெதிராக முறைத்துக்கொண்டு நிற்கின்றன. குண்டூசி குத்தினேன், பசை போட்டேன், ஒரு சாயங்காலம் முழுக்கப் போராடி இரண்டு தைத்தேன். இரண்டும் அப்பளம் போலச் சுருங்கிக்கொண்டன.

அம்மா பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"எழுந்திரு."

எழுந்தேன். அம்மா உட்கார்ந்தார்கள். இரண்டு துண்டின் நடுவிலும் கத்திரியால் துளி நாட்ச் போட்டார்கள். இரண்டையும் பொருத்திப் பிடித்தார்கள். ஊசி இல்லை, பசை இல்லை. இடது கை கீழ்த்துணியை ஊட்ட, வலது கை மேல்துணியைத் திருப்ப, கால் ஒரே சீராக மிதிக்க, கால் வட்டம் முடிந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் ஒரு சுருக்கம் இல்லை.

"எப்படிம்மா?"

"இதுதான்டா கை வெக்கிறது. கைத்துணி வெளியே வளையும், உடம்புத்துணி உள்ளே வளையும். இழுக்கக் கூடாது, ஊட்டணும். பதினாறு வருஷமா இதைத்தானே பண்ணேன்."

மீதி இருந்த பதினைந்தும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தன. அம்மா நிறுத்தவே இல்லை. சட்டை தைப்பதில் கை வைப்பது கஷ்டமான வேலைகளில் ஒன்று என்று பிற்பாடு ஒரு தையல்காரர் எனக்குச் சொன்னார். அந்தக் கஷ்டமான ஒன்று மட்டும் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. சுலபமானதெல்லாம் தெரியாமல், எதுவுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

* * *

பன்னிரண்டாவது கட்டம்தான் கிழிந்துபோன பக்கத்தில் இருந்தது. என்ன செய்வது என்று கேட்டேன். அம்மா, "விடு, நான் பாத்துக்கறேன்" என்றார்கள். வேட்டி போட்டு மூடும் பழக்கம் அதற்குள் மெஷினை விட்டுப் போயிருந்தது.

மூன்று நாள் கழித்துக் காட்டினார்கள். வெள்ளைத் துணி மேல் ஒட்டுவேலையாக ஒரு குட்டிச் சட்டை. உள்ளங்கை அகலம் இருக்கும். அதில் நிஜக் காலர், நிஜப் பாக்கெட், கஃப், நாலு பட்டன், காஜா. எல்லாம் அவர்கள் கையால். காலரை ஏழு தடவை பிரித்துத் தைத்தார்களாம். ஆயா பார்த்துவிட்டு, "தேர்ல தொம்பை தொங்குமே, அது மாதிரி ஒட்டியிருக்கா" என்றார்கள். அதுவும் சரிதான். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தேர்ச்சீலையும் தொம்பையும் துணி மேல் துணி வெட்டி ஒட்டித் தைப்பவைதானே.

அந்தக் குட்டிச் சட்டைக்கு இடது கை கொஞ்சம் பெரிசு. அதைக் கேட்டால், "கை மட்டும் எனக்குப் பழக்கமில்ல பாரு!" என்று சிரிக்கிறார்கள்.

பன்னிரண்டு கட்டமும் சேர்த்து, நடுவே இரண்டு அங்குல வெள்ளைப் பட்டை கொடுத்து, 44-க்கு 58 அங்குலத்தில் போர்வை முடிந்தது. மூன்று துணியையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட மட்டும் ஒரு மாதம் ஆயிற்று. ஆயாவும் உட்கார்ந்து போட்டார்கள். ஆயா போட்ட பக்கம் தையல் கோணல்தான். நாங்கள் பிரிக்கவில்லை. இப்போது அந்தப் போர்வை ஆயாவிடம்தான் இருக்கிறது. தன் பழைய புடவை உள்ளே இருக்கிறது என்று எனக்கு அது தர மாட்டேன் என்கிறார்கள்!

அதற்கப்புறம் அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் ஜாக்கெட் கட்டிங் கற்றுக்கொண்டார்கள். முதல் ஜாக்கெட் பாழ். துணிக்குக் காசு கொடுத்துச் சமாதானம் பண்ணினோம். இரண்டாவது சுமார். இப்போது தெருவில் நாலைந்து பேர் தைக்கக் கொடுக்கிறார்கள். கம்பெனிச் சம்பளம் அளவுக்கு வருகிறதா என்றால், இல்லை. பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அந்தத் தையற்கடைக்காரர் கேட்ட கேள்விக்கு இன்று அம்மாவிடம் வேறு பதில் இருக்கிறது.

தோழர்களே, இதை நான் ஏன் நம் ஆண்டு மலரில் எழுதுகிறேன் தெரியுமா? இன்னும் சில மாதத்தில் நாமும் மறைமலைநகர், ஒரகடம், மகேந்திரா சிட்டி என்று பிரிந்து போகப் போகிறோம். அநேகமாக நம் எல்லோருக்கும் லைனில் ஓர் இடம் காத்திருக்கிறது. ஒருவனுக்கு நட்டு முடுக்கும் வேலை, ஒருவனுக்கு ஒரு வெல்டு, ஒருவனுக்கு ஒரு கேஜ். சம்பளம் வேண்டும், போய்த்தான் ஆக வேண்டும். அந்த ஒரு வேலையையும் அம்மா கை வைத்தது போல, 1.6 மில்லிமீட்டரைக் கண்ணால் பிடிக்கிற அளவுக்குச் செய்ய வேண்டும். ஆனால் நம் வண்டியில் அடுத்த ஆள் என்ன செய்கிறான், அதற்கடுத்த ஆள் என்ன செய்கிறான் என்று டீ பிரேக்கில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். முடிந்தால் ஒரு தடவை கையை வைத்தும் பாருங்கள். பதினாறு வருஷம் கழித்து எவனாவது "வேற என்ன தெரியும்?" என்று கேட்பான்.

கடைசியாக ஒன்று. இந்த மலரில் மெக்கானிக்கல் மூன்றாமாண்டு குரூப் போட்டோவைப் பாருங்கள். இரண்டாவது வரிசையில் இடது ஓரம், வெளிர் நீலச் சட்டை, நான்தான். அந்தச் சட்டை அம்மா காலர் முதல் காஜா வரை முழுசாகத் தைத்த முதல் சட்டை. காலரின் வலது முனை மூன்று மில்லிமீட்டர் நீளம். ஸ்டீல் ரூலில் அளந்துவிட்டேன். எந்த இன்ஸ்பெக்‌ஷனிலும் ரிஜெக்ட்தான்.

கை இரண்டும் மட்டும் அச்சு அசல். யாராலும் குறை சொல்ல முடியாது.

- மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்